அந்தப் பந்தயக் காரைச் செய்தது யார்?

அறந்தாங்கி, திருமயம், ஆவுடையார்கோவில் பக்கம் மாட்டுவண்டிப் பந்தயம் பார்த்தவர்களுக்குத் தெரியும். எல்லையைத் தொட்டுத் திரும்பி முதலில் வரும் வண்டிக்கு, மாட்டுக்காரரின் பெயரும் அவர் ஊர்ப் பெயரும் மைக்கில் முழங்கும். சாரதிக்கும் பாராட்டு கிடைக்கும். வண்டியைச் செய்த ஆசாரியின் பெயர் பெரும்பாலும் காதில் விழாது. கார் பந்தயத்திலும் நிலைமை அதேதான். ஓட்டுநரை உலகம் அறியும், அணியை ரசிகர்கள் அறிவார்கள், காரைச் செய்த சிறு நிறுவனத்தைத் தேடித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 ஆகிய நாள்களில் சென்னை தீவுத்திடலைச் சுற்றி இரவில் நடந்த பந்தயம் நினைவிருக்கும். 3.5 கிலோமீட்டர் சுற்று, 19 வளைவுகள். 'ஃபார்முலா 4 பந்தயம்' என்றே ஊரெல்லாம் பேசியது. உண்மையில் அங்கே இரண்டு போட்டிகள் நடந்தன, இரண்டு வகைக் கார்கள் ஓடின. ஒன்று ஃபார்முலா 4. அதன் சட்டகம் பிரான்ஸின் மிகால் நிறுவனத்துடையது. இன்னொன்று இந்தியன் ரேசிங் லீக். அதில் ஓடியது இத்தாலியின் வுல்ஃப் நிறுவனம் செய்த ஜிபி08 தண்டர் என்னும் ஸ்போர்ட்ஸ் ப்ரோட்டோடைப் கார். நம் ஊரிலேயே ஓடியும் நம்மில் பலர் பெயர் அறியாத கார் இது.

ப்ரோட்டோடைப் என்றால் என்ன?

பந்தயக் கார்களை மூன்றாகப் பிரித்துப் பார்த்தால் குழப்பம் தீரும். ஷோரூமில் விற்கும் காரை எடுத்து, பந்தயத்துக்கு ஏற்றபடி மாற்றி ஓட்டுவது முதல் வகை. நடிகர் அஜித்குமார் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் ஓட்டிய போர்ஷே அந்த வகை. நான்கு சக்கரமும் உடலுக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்பது ஃபார்முலா கார். மூன்றாவதுதான் ப்ரோட்டோடைப். சாலையில் ஓடும் எந்தக் காரின் மறுவடிவமும் அல்ல, பந்தயத்துக்காகவே பிறந்தது. ஆனால் ஃபார்முலா காரைப் போலன்றி, சக்கரங்களை உடல் மூடியிருக்கும்.

அந்த மூடிக்குக் காரணம் இருக்கிறது. வெளியே நின்று சுழலும் டயர் காற்றைக் கலைக்கும், வண்டியின் வேகத்தை இழுத்துப் பிடிக்கும். மூடிவிட்டால் காற்று வழுக்கிக்கொண்டு போகும். பாதுகாப்பும் கூடும். ஃபார்முலா கார்களில் ஒன்றின் சக்கரம் மற்றொன்றின் சக்கரத்தில் ஏறினால் கார் மேலே தூக்கி எறியப்படலாம். மூடிய சக்கரத்தில் அந்த ஆபத்து குறைவு. பிரான்ஸில் 1923 முதல் நடந்துவரும் லீ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஒட்டுமொத்த வெற்றிக்கு மோதுபவை இன்று இவ்வகைக் கார்களே.

சின்ன நிறுவனத்தால் எப்படி முடிகிறது?

எல்லாவற்றையும் தானே செய்யாததால்தான் முடிகிறது. என்ஜினைப் பெரிய நிறுவனத்திடம் வாங்குவார்கள். பிரேக்கும் டயரும் அதற்கென்றே இருப்பவர்களிடமிருந்து வரும். சட்டகம், சஸ்பென்ஷன், காற்றை வெட்டும் உடல் ஆகிய மூன்றிலும்தான் சிறு தயாரிப்பாளரின் மூளை வேலை செய்கிறது.

வுல்ஃப் காரில் இருப்பது அப்ரிலியா பைக்கின் என்ஜின். 1100 சிசி, வி வடிவில் நான்கு சிலிண்டர், சுமார் 220 குதிரைத்திறன். பைக் என்ஜின் எடை குறைந்தது, வெகு வேகமாகச் சுழலக் கூடியது, கியர்பாக்ஸும் அதே கூட்டுக்குள் அடங்கிவிடும். சிறு நிறுவனத்துக்கு இதைவிட வசதியான பொட்டலம் அமையாது. வுல்ஃப் என்ற பெயருக்கும் ஒரு பழைய பெருமை உண்டு. கனடாவைச் சேர்ந்த தொழிலதிபர் வால்டர் வுல்ஃப் நடத்திய ஃபார்முலா 1 அணி, 1977இல் அர்ஜென்டினாவில் தன் புதிய காருடன் களமிறங்கிய முதல் பந்தயத்திலேயே ஜோடி ஷெக்டர் மூலம் வென்றது. அந்தப் பெயரைத்தான் இத்தாலிய நிறுவனம் பின்னாளில் தன் கார்களுக்குச் சூட்டிக்கொண்டது.

சிறியவர்கள் பெரிய மேடையிலும் வென்றிருக்கிறார்கள். லீ மான் ஊர்க்காரரான ஜான் ரோண்டோ, ஃபோர்டு காஸ்வொர்த் என்ஜினை வைத்துத் தானே ஒரு காரைச் செய்தார். 1980இல் ஜான் பியர் ஜோசோவுடன் மாறி மாறி ஓட்டி, சொந்த ஊர்ப் பந்தயத்தை வென்றார். தன் பெயரிலான காரை ஓட்டி அந்தப் பந்தயத்தை வென்றவர் இன்றுவரை அவர் ஒருவரே.

இந்தியாவில் வுல்ஃப் காரின் கணக்கு

இந்தியன் ரேசிங் லீக் 2022இல் தொடங்கியது. ஆறு அணிகள், அணிக்கு இரண்டு கார், நான்கு ஓட்டுநர்கள். நால்வரில் ஒருவர் பெண். ஹைதராபாத்தில் ஹுசைன் சாகர் ஏரிக்கரைச் சாலையிலும், ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டை களத்திலும் போட்டிகள் நடந்தன. முதல் ஆண்டுப் பட்டத்தைக் காட்ஸ்பீடு கொச்சி அணி வென்றது. 2023 டிசம்பரில் நடக்கவிருந்த சென்னைச் சாலைப் பந்தயம் மிக்ஜாம் புயலால் தள்ளிப்போய், மறு ஆண்டுதான் நடந்தது.

வுல்ஃப் காரின் வரலாற்றைப் படிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். எல்லா அணிகளுக்கும் ஒரே கார். ஆகவே எந்தப் பந்தயத்தின் முடிவும் காரின் வெற்றியாகாது, தோல்வியும் ஆகாது. கோப்பைகளை எண்ணினால் ஓட்டுநரைப் பற்றித்தான் தெரியவரும். காரை எடைபோட வேறு கேள்விகள் வேண்டும். புறப்பட்டவற்றில் எத்தனை கார்கள் கடைசிச் சுற்றுவரை தாங்கின? சுவரில் மோதிய பிறகு ஓட்டுநர் தானாக இறங்கி நடந்து வந்தாரா? சனிக்கிழமை நொறுங்கியது ஞாயிற்றுக்கிழமை ஓடியதா? அதில் பழகியவர்கள் அடுத்து எந்தக் காருக்கு ஏறினார்கள்? என் கணிப்பில் கடைசிக் கேள்விக்கே அதிக எடை.

கோவையில் ஒருவர்

அந்தக் கடைசிக் கேள்விக்கு மிக நல்ல பதில் தந்த கார் இத்தாலியில் அல்ல, கோயம்புத்தூரில் பிறந்தது. செய்தவர் எஸ். கரிவர்தன். 1980களில் சோழவரம் பழைய விமான ஓடுதளப் பந்தயங்களில், பணம் படைத்தவர்கள் வெளிநாட்டுக் கார்களைக் கொண்டுவந்து ஓட்டினார்கள். திறமையிருந்தும் வசதியில்லாத இளைஞர்களுக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. அதன் 796 சிசி மூன்று சிலிண்டர் என்ஜின் எந்த ஊரிலும் கிடைத்தது, எந்த மெக்கானிக்குக்கும் பிரித்துக் கோக்கத் தெரிந்தது. கரிவர்தன் அந்த என்ஜினைச் சுற்றி ஒரு சிறிய பந்தயக் காரை அமைத்தார். அதுவே ஃபார்முலா மாருதி. வடிவத்தில் அது ப்ரோட்டோடைப் அல்ல, ஃபார்முலா கார். ஆனால் சிறு தயாரிப்பாளரின் வழி இரண்டிலும் ஒன்றுதான்: கிடைக்கும் என்ஜினை எடு, சட்டகத்தை நீயே செய்.

நரேன் கார்த்திகேயன் ஸ்ரீபெரும்புதூரில் முதல் பந்தயம் ஓட்டியது ஃபார்முலா மாருதியில். 2005இல் அவர் ஃபார்முலா 1இல் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். கருண் சாந்தோக் 2000இல் அதே பிரிவில் தேசியப் பட்டம் வென்றார். 2012இல் லீ மான் பந்தயத்தில் பங்கேற்ற முதல் இந்தியராக, ஜேஆர்எம் என்னும் சிறிய பிரிட்டிஷ் அணியின் ப்ரோட்டோடைப் காரை டேவிட் பிரபாம், பீட்டர் டம்ப்ரெக் ஆகியோருடன் ஓட்டி, ஒட்டுமொத்தத்தில் ஆறாம் இடம் பிடித்தார். மாருதி என்ஜினில் தொடங்கிய வரிசை அங்கே போய் நின்றது. அதைப் பார்க்கக் கரிவர்தன் இல்லை. 1995இல் சிறு விமான விபத்தொன்றில் காலமானார். கோவை செட்டிபாளையத்தில் 2003இல் திறந்த 2.1 கிலோமீட்டர் பந்தயக் களம் அவர் பெயரைத் தாங்குகிறது: கரி மோட்டார் ஸ்பீட்வே.

புதுக்கோட்டை மாணவருக்கு என்ன வழி?

சிறிய பந்தயக் காரின் உயிர் குழாய்ச் சட்டகத்தில் இருக்கிறது. ஒரு குழாயின் முனையை இன்னொரு குழாயின் வளைவில் இடைவெளியின்றி உட்காரும்படி அராவ வேண்டும். மேசையில் இறுகப் பூட்டி, முதலில் எல்லா மூட்டிலும் பொட்டுப் பொட்டாக வெல்டிங் வைத்து நிறுத்த வேண்டும். பிறகு ஒரு மூட்டுக்கு இங்கே, அடுத்ததற்கு எதிர்ப்பக்கம் என்று மாற்றி மாற்றி வெல்டிங் போட வேண்டும். ஒரே பக்கமாகப் போட்டுக்கொண்டே போனால் சூட்டில் சட்டகம் இழுத்துக்கொள்ளும், சக்கரங்கள் நேராக நிற்காது. குழாயும் வெல்டிங்கும் புதுக்கோட்டை மாவட்டத்துக்குப் புதிதல்ல. திருமயத்தில் 2013 முதல் இயங்கும் பெல் ஆலையின் தொழிலே மின்நிலையங்களுக்குக் குழாய் அமைப்புகள் செய்வதுதான்.

பொறியியல் மாணவர்கள் தாங்களே கார் செய்து மோதும் ஃபார்முலா பாரத் போட்டி கரி களத்தில் நடக்கிறது. புதுக்கோட்டையிலிருந்து ஒரு பகல் பயணம். வேகம் மட்டும் போதாது. ஏன் இந்தக் குழாய், ஏன் இந்த விலை என்று நடுவர்கள் கேட்பார்கள், வடிவமைத்த மாணவர் பதில் சொல்ல வேண்டும். அதிக மதிப்பெண் 22 கிலோமீட்டர் தாங்கும் ஓட்டத்துக்கு. பல அணிகளின் கார்கள் அதை முடிப்பதில்லை. முடித்தாலே அந்தக் காருக்கு ஒரு வரலாறு தொடங்கிவிடும்.

ஆனால் கல்லூரிப் போட்டியோடு நின்றால் தயாரிப்பாளர் உருவாக மாட்டார். கரிவர்தனின் கார் நிலைத்ததற்குக் காரணம் அது நல்ல கார் என்பது மட்டுமல்ல. அதை வாங்கி ஓட்ட ஆள்களும், அதற்கென்றே தேசியப் போட்டியில் ஒரு பிரிவும் இருந்தன. இன்று லீகுகளுக்குச் செலவாகும் தொகையில் ஒரு சிறு பங்கையாவது, நம் ஊர்ப் பட்டறையில் செய்த காருக்கான மலிவான பந்தயப் பிரிவுக்கு ஒதுக்க வேண்டும். அந்தப் பிரிவு வந்தால் கார் செய்யப் பிள்ளைகள் தயாராக இருக்கிறார்கள்.