மலையிலிருந்து வந்த வேலி

தியாகதுருகத்தில் எங்கள் பழைய வீட்டுக்குச் சுற்றுச்சுவர் கிடையாது. தெருப்பக்கம் ஆடாதொடை, தோட்டப்பக்கம் கிளுவை, கிணற்றடியில் நொச்சி, கொல்லைக் கோடியில் ஒரு களாப்புதர். இதுதான் வேலி. இவற்றில் ஒன்றைக்கூடக் காசு கொடுத்து வாங்கியதில்லை. ஓடைக்கரையிலிருந்தும் கோட்டை மலை அடிவாரத்திலிருந்தும் எங்கள் ஆயா கொண்டுவந்து வைத்தவை.

அடைமழை பிடித்து, மண் ஆழம்வரை ஊறிய பிறகுதான் ஆயா கிளம்புவார். கையில் ஒரு கொடுவாள், ஒரு சின்னக் கடப்பாரை, நனைத்த சாக்கு. கூடப் போகும் எனக்கு வேடிக்கையாக இருந்தது ஒன்றுண்டு. கடப்பாரைக்கு அநேகமாக வேலையே இருக்காது. நொச்சியைக் கண்டால் கட்டைவிரல் பருமனில் நாலு கொம்பு வெட்டிக்கொள்வார். ஆடாதொடையும் அப்படியே. கிளுவையைக் கேட்கவே வேண்டாம், ஈரத்தில் போத்து ஊன்றினால் தானே துளிர்த்துவிடும். பிரண்டை, கணுவோடு ஒரு முழம் போதும். ஆவாரையிலும் விராலியிலும் கையே வைக்கமாட்டார். அவை நெற்றும் காயும் முற்றும் காலத்தில் வந்து விதை உருவிக்கொண்டு போவார். ஆவாரை விதைக்குத் தோல் கெட்டி. சுடுதண்ணீர் ஊற்றி ஓர் இரவு ஊறவைத்தால்தான் முளைக்கும்.

களாவுக்கும் காரைக்கும் மட்டுமே கடப்பாரை. அதிலும் பெரிய புதரைத் தொடமாட்டார். தாய்ப்புதரின் நிழலில் நெருக்கமாக எழுந்து நிற்கும், முழங்கால் உயரம்கூட வராத கன்றாகத் தேடுவார். ஆடியிலேயே போய் அதைச் சுற்றி ஒருபக்கம் மட்டும் அரைவட்டமாகக் கொத்தி, வேரை அறுத்து, மண்ணை மூடிவிட்டு வந்துவிடுவார். மூன்று மாதம் கழித்து ஐப்பசியில் மறுபக்கத்தை வெட்டி, மண்ணோடு தூக்கிச் சாக்கில் சுற்றி, வாழைநாரால் கட்டுவார். ஏன் இரண்டு தடவை என்று கேட்டதற்கு, "ஒரு கால ஊனிட்டு மறுகால எடுக்கற மாதிரிடா" என்றார்.

அந்தப் பதிலின் அர்த்தம் எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் விளங்கியது. செடி தண்ணீர் குடிப்பது பருத்த வேரால் அல்ல, அதன் நுனிகளில் இருக்கும் மயிர்போன்ற சல்லிவேர்களால். நாம் தோண்டித் தூக்கும்போது அந்தச் சல்லிவேரில் பெரும்பங்கு மண்ணிலேயே தங்கிவிடுகிறது. மேலே இலை எல்லாம் அப்படியே இருக்கும், கீழே குடிக்க வாய் இருக்காது. முன்கூட்டியே ஒருபக்கம் வேரை அறுத்துவிட்டால், அறுத்த இடத்துக்குப் பக்கத்திலேயே புதுச் சல்லிகள் விடும், மண்கட்டியோடு கூடவே வரும். தூக்கிய அன்று கொப்பில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிட வேண்டும். பழைய இடத்தில் எவ்வளவு ஆழத்தில் நின்றதோ அதே ஆழத்தில் நட வேண்டும். சாயங்காலம்தான் நடவு, மேலே நாலு நாள் தென்னங்கீற்று நிழல். வறண்ட காட்டுச் செடிகளின் ஆணிவேர் பாறை இடுக்கில் எங்கோ இறங்கிப் போகும். வளர்ந்த புதரை யாராலும் முழுசாக எடுக்க முடியாது. ஆயா கன்றைத் தேடியதன் காரணம் அதுதான்.

கோட்டை மலையைச் சொன்னேன். 1790இல் திப்பு சுல்தானின் படை வந்தபோது ஃபிளிண்ட் என்ற ஆங்கிலத் தளபதி காத்து நின்ற கோட்டை அது. கோட்டையை முற்றுகையிடுபவர் உழிஞையும் காப்பவர் நொச்சியும் சூடுவது தமிழ்ப் புறப்பொருள் மரபு. கோட்டைச் சுவருக்குக் கீழே நொச்சி ஒடித்த எங்கள் ஆயாவுக்கு அந்த இலக்கணம் தெரியாது. ஆனால் கொசுவுக்குப் புகை போடவும், சளிக்கு ஆவி பிடிக்கவும், குதிர் நெல்லில் பூச்சி அண்டாமல் இலை போடவும் அந்தச் செடிதான் வீட்டுக்குக் காவல் என்பது தெரியும். புதுச்சேரியைச் சுற்றிப் பிரெஞ்சுக்காரர்கள் வளர்த்திருந்த முட்செடி எல்லைவேலியைத் தாண்ட 1760இல் ஆங்கிலப் படை சண்டை போட வேண்டியிருந்தது. செடியால் ஊரைக் காப்பது நம் பக்கத்தில் புதிய யோசனையல்ல.

இன்றைக்கு எங்கள் தெருவில் உயிர்வேலி ஒன்றுகூட இல்லை. ஹாலோபிளாக் சுவர், உள்ளே சிமெண்ட் தொட்டி, தொட்டியில் குரோட்டன்ஸ், இட்லிப்பூ. ஆந்திராவில் ராஜமுந்திரி பக்கம் கடியம் நர்சரிகளிலிருந்து லாரியில் வரும் கன்றுகள். சேலம் நெடுஞ்சாலை நான்குவழியானதும் அதன் நடுத்திட்டில் அரளி வந்தது. பாக்கெட் கன்றை நான் குறை சொல்லமாட்டேன். அது மலையிலிருந்து பிடுங்கப்படாத செடி. பையைக் கிழித்து நட்டால் வேர் அறுபடாமல் பிழைக்கிறது. என் வருத்தமெல்லாம், ஓடைக்கரையில் சும்மா கிடந்த நொச்சியை நாம் மறந்தோமே என்பதுதான். 2010களில் சென்னை மாநகராட்சி, கொசுவை விரட்ட, நீர்வழிகளை ஒட்டிய வீடுகளுக்கு நொச்சிக் கன்று கொடுத்தது. ஒரு கொம்பு ஒடித்து ஊன்றினால் வரும் செடி, அரசுத் திட்டமாக வர வேண்டியதாயிற்று.

தோண்டுவது மட்டும் நிற்கவில்லை, ஆள் மாறியிருக்கிறது. அடிமரம் பருத்து முறுக்கேறிய காட்டுப் புதர்களைப் போன்சாய் தொட்டிக்காகத் தேடுகிறார்கள். ஜப்பானில் இப்படி மலையில் எடுத்த மரத்துக்கு 'யமதோரி' என்றே பெயர். அங்கே பழைய மலை ஜூனிபர்கள் தேடித்தேடி எடுக்கப்பட்டே அருகிப்போயின. பிரிட்டனில் 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி, நிலத்துக்காரர் அனுமதி இல்லாமல் எந்தக் காட்டுச் செடியையும் வேரோடு பிடுங்கக் கூடாது. எங்கள் பக்கத்துக் கல்வராயன் மலைக் காப்புக்காட்டில் அனுமதியின்றிச் செடி எடுப்பதும் குற்றம்தான்.

நம் மாநில மலரான செங்காந்தளின் கதை இன்னும் நெருக்கமானது. மருந்துக்காக அதன் விதைக்கு வெளிநாட்டில் கிராக்கி வந்ததும், மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் வேலியிலும் காட்டிலும் கிடந்த அதன் கிழங்கை, அதாவது கண்வலிக் கிழங்கைத் தோண்டித்தான் வயலுக்குக் கொண்டுபோனார்கள். கொடி படர முள்கிளுவையும் விராலியும் பந்தல் கால். வயல்கள் நிறைந்தன, வேலிகளில் அந்தப் பூ அரிதாகிப்போனது.

நானும் குற்றவாளிதான். பல வருஷத்துக்கு முன், அடிவாரத்தில் சாலை வேலைக்காகப் பொக்லைன் வரப்போகிறது என்று கேள்விப்பட்டு, ஒரு பழைய காரைப்புதரைக் காப்பாற்றப் போனேன். சித்திரை மாதம். நாலு மணிநேரம் தோண்டினேன். மணிக்கட்டுப் பருமன் ஆணிவேர் கல்லுக்குள் போயிருந்தது, கடப்பாரை பட்டு முறிந்தது. கொண்டுவந்து நட்டேன். இருபது நாள் இலை பச்சையாகவே இருந்தது. பிழைத்துவிட்டது என்று நம்பினேன். அப்புறம் ஒரே வாரத்தில் எல்லாம் உதிர்ந்தது. பொக்லைன் அந்தப் பக்கம் வரவே இல்லை. மறுவருஷம் போய்ப் பார்த்தால், நான் தோண்டிய குழியில் உன்னிச்செடி பூத்து நின்றது.

உன்னி அமெரிக்காவின் வெப்பநாடுகளைச் சேர்ந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுக்காகக் கல்கத்தாத் தாவரவியல் தோட்டத்துக்கு வந்தது. தோட்டத்திலிருந்து வேலிக்கும், பறவை எச்சத்தில் காட்டுக்கும் போய், இன்று கல்வராயன் சரிவுகளிலும் நிற்கிறது. களாவும் காரையும் முளைக்க வேண்டிய வெளிச்சத்தை அது எடுத்துக்கொள்கிறது. ஆயா காலத்தில் ஒரு கன்றை எடுத்தால் அந்த இடத்தில் அதே புதரின் இன்னொரு விதை முளைக்கும். இப்போது திறந்த குழிக்கு உன்னியும் சீமைக் கருவேலமும் முதல் ஆளாக வந்துவிடுகின்றன. அதனால் ஆயா செய்தது சரியாக இருந்தும், அதையே நான் செய்யக் கூடாது என்று முடிவு செய்தேன்.

ஆரோவில்லில் 1968க்குப் பிறகு வெறும் செம்மண் மேட்டைக் காடாக்கியவர்கள், சுற்றுவட்டாரக் கோயில்காடுகளில் விதை பொறுக்கித்தான் நம் மண்ணின் புதர்களையும் மரங்களையும் திரும்பக் கொண்டுவந்தார்கள். அந்த வழியைப் பிடித்துக்கொண்டேன். களாப்பழம் கறுத்ததும் பத்துப் பழம், அதுவும் பறவைக்கு மிச்சம் வைத்து. விதையை ஈரம் காயுமுன் பையில் ஊன்ற வேண்டும், காயவிட்டால் முளைப்பு குறைந்துவிடும். முதல் வருஷம் ஒரு சாண்கூட வளராது.

பழைய வீட்டை இடித்துச் சுவர் எழுப்பிவிட்டோம். கிணற்றடி நொச்சியை வெட்டியதும் நாங்கள்தான். அடிக்கட்டை சுவருக்கு வெளியே மாட்டிக்கொண்டு, போன மழைக்கு அங்கிருந்து ஆள் உயரம் கிளைத்துவிட்டது. நேற்றுப் பக்கத்துத் தெரு அக்கா குழந்தைக்குச் சளி என்று தழை கேட்டு வந்தார். ஒடித்துக் கொடுத்தேன்.

"ரெண்டு கொம்பும் குடு தம்பி, எங்க வாசல்ல வெக்கிறேன்" என்றார்.

விரல் பருமனில் நாலாக வெட்டிக் கொடுத்தேன்.