ரெக்கவரி பார்ட்டிஷன் கைவிட்டால்

மடிக்கணினி வாங்கினால் விண்டோஸ் குறுந்தகடும் பெட்டிக்குள் இருந்த காலம் ஒன்று உண்டு. 2000-களில் பெரும்பாலான நிறுவனங்கள் அந்த வழக்கத்தைக் கைவிட்டன. ஹார்ட் டிஸ்க்கிலேயே ஒரு பகுதியை ஒதுக்கி, அதில் விண்டோஸையும் அந்த மாடலுக்கான டிரைவர்களையும் தாங்கள் சேர்த்த மென்பொருள்களையும் சுருக்கி வைத்து, பயனர் கண்ணில் படாமல் மறைத்தன. அதுதான் ரெக்கவரி பார்ட்டிஷன். 10 முதல் 20 ஜிபி வரை இடம் பிடிக்கும். கணினி உயிர்பெறும் நொடியில் குறிப்பிட்ட விசையை அழுத்தினால் (எச்பியில் எஃப்11, ஏசரில் ஆல்ட்டுடன் எஃப்10, ஆசஸில் எஃப்9) கடையிலிருந்து வந்த நாளின் நிலைக்கு இயந்திரம் திரும்பிவிடும்.

ஏற்பாடு வசதியானதுதான். ஆனால் விதைநெல்லையும் சோற்றுநெல்லையும் ஒரே குதிரில் கொட்டி வைத்த கதை இது. டிஸ்க் பழுதானால் ஓடிக்கொண்டிருந்த விண்டோஸும் போகும், அதை மீட்க வைத்திருந்த பிரதியும் போகும். ரெக்கவரி டிவிடி எழுதிக்கொள்ளச் சொல்லிப் புதுக் கணினி நினைவூட்டியபோது, ‘பிறகு பார்க்கலாம்’ என்று தள்ளியவர்களே அதிகம். பத்தாண்டு கழித்து விசையை அழுத்துகிறார்கள், திரை அசைவதில்லை.

வழி அடைபட்டதா, சரக்கு கெட்டதா?

விசை வேலை செய்யாவிட்டால் ரெக்கவரி அழிந்துவிட்டது என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. உள்ளே சரக்கு பத்திரமாக இருந்து, அதற்குப் போகும் வழி மட்டும் அடைபட்டிருக்கலாம்.

விண்டோஸ் 7 காலத்து ஏசர் மடிக்கணினி இதற்கு நல்ல உதாரணம். அந்தக் காலத்து டிஸ்க்குகளின் முதல் செக்டருக்கு மாஸ்டர் பூட் ரெக்கார்ட் என்று பெயர். மொத்தமே 512 பைட். முதல் 446 பைட்டில் கணினியைத் துவக்கிவைக்கும் சிறு நிரல்; அடுத்த 64 பைட்டில் பார்ட்டிஷன் அட்டவணை; கடைசி 2 பைட்டில் முத்திரை. ஆல்ட்டும் எஃப்10-உம் சேர்ந்து அழுத்தப்படுவதைக் கவனித்து ரெக்கவரிக்குத் திருப்பிவிடுவது, ஏசர் எழுதிவைத்த அந்தச் சிறு நிரல். பிற்பாடு யாராவது புதிதாக விண்டோஸ் போட்டாலோ, பக்கத்தில் லினக்ஸ் போட்டாலோ, அந்த 446 பைட்டின் மேல் வேறு நிரல் எழுதப்பட்டுவிடும். அத்தோடு விசை செத்தது. ஆனால் பிகியூசர்வீஸ் என்ற பெயரில் இருக்கும் பார்ட்டிஷன் அப்படியே கிடக்கும்.

முதலில் கணினியின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸுக்குள் போய் ‘டிடூடி ரெக்கவரி’ என்ற அமைப்பு இயங்கு நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தும் பயனில்லை என்றால், லினக்ஸ் உள்ள பென் டிரைவிலிருந்து கணினியைத் துவக்கி, ஜிபார்ட்டெட் என்ற இலவச நிரலில் பிகியூசர்வீஸுக்கு ‘பூட்’ குறியை மாற்றிக் கொடுக்கலாம். அந்த 446 பைட்டில் இப்போது இருப்பது விண்டோஸின் நிரல் என்றால், அடுத்த முறை கணினி நேராக ரெக்கவரிக்குள் போகும். அங்கே ‘சரி’ என்று அழுத்திவிட்டால் சி டிரைவில் உள்ளதெல்லாம் அழியும் என்பதை மறக்க வேண்டாம். அட்டவணையே சிதைந்து பார்ட்டிஷன்கள் காணாமல் போயிருந்தால், பிரான்ஸைச் சேர்ந்த கிறிஸ்டோஃப் கிரெனியர் எழுதிய டெஸ்ட்டிஸ்க் நிரல் டிஸ்க்கைத் துழாவி, எது எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்று கண்டுபிடித்து அட்டவணையைத் திரும்ப எழுதித் தரும்.

டிஸ்க்கின் நாடி

ரெக்கவரி தொடங்கிப் பாதியில் நின்றாலோ, பிழைச்செய்தி காட்டினாலோ, சரக்கு கெட்டிருக்க வாய்ப்பு அதிகம். அப்போது டிஸ்க்கைச் சோதிக்க வேண்டும். ஒவ்வொரு ஹார்ட் டிஸ்க்கும் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும். ஸ்மார்ட் என்பது அந்தக் குறிப்பேடு. கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற நிரல் அதைப் படித்துக் காட்டும். பார்க்க வேண்டிய வரிகள் இரண்டு. 5-ஆம் எண்ணுள்ள வரி, கெட்டுப்போனதால் மாற்றிடம் ஒதுக்கப்பட்ட செக்டர்களைச் சொல்கிறது. 197-ஆம் எண்ணுள்ள வரி, படிக்க முடியாமல் தடுமாறி நிற்கும் செக்டர்களைச் சொல்கிறது. இரண்டின் மூல மதிப்பும் பூஜ்யமாக இருப்பதே நலம். எண் ஏறிக்கொண்டே போனால், அந்த டிஸ்க்கில் மறுபடி விண்டோஸ் போடுவது வீண் வேலை.

இந்த நிலையில் முதல் கடமை கோப்புகளைக் காப்பாற்றுவது. ஃபார்மட் அடிப்பது பிறகு. ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ என்ற நிரல் இதற்கென்றே எழுதப்பட்டது. சாதாரண காப்பி, கெட்ட இடத்தில் முட்டிக்கொண்டு நின்றுவிடும். டிடிரெஸ்க்யூ நல்ல பகுதிகளை முதலில் வாரி எடுத்துக்கொண்டு, கெட்டவற்றைக் கடைசியில் மறுபடி மறுபடி முயலும். எதுவரை முடிந்தது என்று ஒரு கோப்பில் குறித்துக்கொள்வதால், நடுவில் நிறுத்தினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

உரிமம் எங்கே இருக்கிறது?

ரெக்கவரி போனால் காசு கொடுத்து வாங்கிய விண்டோஸும் போயிற்று என்று பலர் கவலைப்படுகிறார்கள். உரிமம் அந்தப் பார்ட்டிஷனுக்குள் அடைந்து கிடப்பதில்லை. விண்டோஸ் 7 வரையிலான இயந்திரங்களில் 25 எழுத்துகளும் எண்களும் கலந்த குறியீடு, அடிப்பக்கத்திலோ பேட்டரிக்குக் கீழோ ஒட்டப்பட்ட ஸ்டிக்கரில் இருக்கும். அச்சு தேயும் முன் ஒரு படம் எடுத்துவைப்பது நல்லது. 2012-இல் விண்டோஸ் 8 வந்தபிறகு தயாரான மடிக்கணினிகளில் குறியீடு மதர்போர்டின் சிப்பிலேயே பதிந்திருக்கிறது. டிஸ்க்கை மாற்றினாலும், அதே பதிப்பைப் புதிதாக நிறுவும்போது விண்டோஸ் அதைத் தானே படித்துக்கொள்ளும்.

அப்படிப் புதிதாக நிறுவினால் குறைவது டிரைவர்கள்தான். டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறியோடு நிற்கும் ஒவ்வொரு உறுப்புக்கும் ஓர் அடையாள எண் இருக்கும். அதில் 8086 என்று கண்டால் அது இன்டெல் தயாரிப்பு. அந்த எண்ணைக் கொண்டும், மாடல் பெயரைக் கொண்டும் தயாரிப்பாளரின் தளத்தில் டிரைவரைத் தேடி எடுக்கலாம். வைஃபையே வேலை செய்யாவிட்டால், கைபேசியை யூஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் போட்டால் இணையம் கிடைத்துவிடும்.

திரும்ப வேண்டியது எந்த நாளுக்கு?

ரெக்கவரி பிழைத்து வந்தாலும் அது கொண்டுபோய் நிறுத்துவது பத்துப் பதினைந்து ஆண்டுக்கு முந்தைய நாளில். விண்டோஸ் 7-க்கான பொதுவான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14-ஓடு நின்றுவிட்டன. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதி 2010-ஐ ஒட்டிய மடிக்கணினிகளில் இல்லை. பழைய ஸ்கேனரையோ பழைய கணக்கு மென்பொருளையோ இணையத் தொடர்பில்லாமல் ஓட்ட, ஆலை நிலைக்குத் திரும்புவதில் பொருள் உண்டு. வங்கிக் கணக்கைத் திறக்க அந்த இயந்திரம் ஆகாது.

மற்றவர்களுக்கு லினக்ஸ் நல்ல வழி. லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு 2 ஜிபி ரேமிலும் ஓடும். 4 ஜிபி இருந்தால் தடுமாறாது. தமிழ்99 விசைப்பலகையும் கிடைக்கும். தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகள் பல வீடுகளில் பரணேறிக் கிடக்கின்றன. நிமிடத்துக்கு 5,400 சுற்று சுற்றும் பழைய டிஸ்க்கைக் கழற்றி, அந்த இடத்தில் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி போட்டு லினக்ஸ் நிறுவினால், இத்தகைய பழைய இயந்திரங்களின் வேகத்தில் வித்தியாசம் கண்கூடாகத் தெரியும். அணைத்துப் போட்டால் தேதி பல ஆண்டு பின்னே போகிறது என்றால், மதர்போர்டில் உள்ள நாணயம் போன்ற சிறு பேட்டரியையும் மாற்றிவிடுங்கள். தேதி தவறானால் பாதுகாப்பான இணையதளங்கள் திறக்க மறுக்கும்.

எல்லாம் முடிந்து இயந்திரம் சீராக ஓடும் அன்றே குளோனசில்லா போன்ற நிரலால் முழு டிஸ்க்கையும் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் இமேஜாக எடுத்து, அதைக் கணினியிலிருந்து கழற்றித் தனியே வையுங்கள். எந்தப் பிரதியும் அசல் இருக்கும் டிஸ்க்கிலேயே இருக்கும்வரை அதை நம்புவதற்கில்லை.