ஸ்கேன் படிக்க விரும்பும் பிள்ளைகளுக்கு

பிளஸ் டூ தேர்வு முடிவு வெளியாகும் பருவத்தில் காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் வீதிகளில் நடக்கும் பேச்சுகளைச் செவிகொடுத்துக் கேட்டால், தாங்கள் ஆயுள் முழுவதும் உட்கார்ந்த குழித்தறியில் தங்கள் மக்களும் உட்கார வேண்டாம் என்ற எண்ணமும், வைத்தியத் துறையைச் சார்ந்த ஓர் உத்தியோகம் அமைந்துவிட்டால் குடும்பம் கரையேறிவிடும் என்ற நம்பிக்கையும் பெற்றோரிடத்தில் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கின்றன என்பது விளங்கும். எம்.பி.பி.எஸ். எட்டாது என்று தெரிந்த பின்னர் அவர்களுடைய பார்வை நர்சிங், லேப், எக்ஸ்ரே, ஸ்கேன் என்று ஒவ்வொன்றாகச் செல்லுகிறது. இவற்றுள், மக்கள் ஸ்கேன் என்று சுருக்கமாகச் சொல்லும் அல்ட்ராசவுண்ட் பரிசோதனையைக் கற்பதில் நம் தேசத்தில் ஒரு விசேஷ நிலைமை இருக்கிறது. கர்ப்பிணியின் வயிற்றின்மேல் அந்தக் கருவியைப் பிடிக்கும் உரிமையைச் சட்டம் டாக்டருக்கு மட்டுமே அளித்திருக்கிறது. இதை அறியாமல் பணம் கட்டிச் சேர்ந்துவிட்டுப் பின்னால் வருந்தும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதனாலேயே இதைச் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

இக்கருவியில் கதிர்வீச்சு ஏதும் கிடையாது. ஒலி ஒன்றே அதன் ஆதாரம். சில வகைப் படிகங்களை அழுத்தினால் அவற்றில் மின்சாரம் தோன்றுகிறது என்பதைப் பிரான்ஸ் தேசத்துக் க்யூரி சகோதரர்கள் 1880-ல் கண்டறிந்தார்கள். அதே படிகத்துக்குள் மின்சாரத்தைச் செலுத்தினால் அது அதிர்ந்து ஒலி எழுப்பும். மனிதச் செவி வினாடிக்குச் சுமார் 20,000 அதிர்வுகள் வரையில்தான் கேட்கும். டாக்டரின் கையில் உள்ள புரோப் எழுப்பும் ஒலியோ, பெரும்பாலும் வினாடிக்கு 20 லட்சம் முதல் ஒன்றரைக் கோடி அதிர்வுகள் வரை உடையது. உடலின் மென்மையான திசுக்களுக்குள் வினாடிக்குச் சராசரி 1,540 மீட்டர் வேகத்தில் பாய்ந்து, ஈரலோ சிறுநீரகமோ குழந்தையின் எலும்போ எதிர்ப்படும் இடத்தில் மோதித் திரும்பும் அந்த ஒலி, எவ்வளவு நேரத்தில் திரும்பிற்று என்பதைக் கொண்டு ஆழத்தையும், எவ்வளவு பலமாகத் திரும்பிற்று என்பதைக் கொண்டு வெளிச்சத்தையும் இயந்திரம் கணித்துத் திரையில் உருவமாக வரைகிறது. இவ்வொலிக்குக் காற்று பரம விரோதி. ஆகையால்தான் தோலுக்கும் புரோபுக்கும் இடையில் குளிர்ந்த ஜெல் தடவுகிறார்கள்; ஆகையால்தான், "நன்றாகத் தண்ணீர் குடித்துவிட்டு உட்காருங்கள் அம்மா, முட்டியதும் சொல்லுங்கள்" என்று ஸ்கேன் அறை வாசலில் சொல்லுகிறார்கள். நிரம்பிய மூத்திரப்பை காற்றடைத்த குடலை மேலே தள்ளி, கர்ப்பப்பையைப் பார்க்க ஒரு சாளரத்தைத் திறந்து கொடுக்கிறது.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்துப் பிரசவ வைத்தியர் இயன் டொனால்டு, உலோகத் தகடுகளில் விரிசல் பார்க்கத் தொழிற்சாலைகளில் பயன்பட்ட கருவியை வைத்தியத்துக்குத் திருப்பி, 1958-ல் தம் சகாக்களுடன் லான்செட் பத்திரிகையில் எழுதிய கட்டுரைதான் இத்துறைக்கு வழி திறந்தது. குணப்படுத்த இயலாத புற்றுநோய் என்று கைவிடப்பட்டிருந்த ஒரு மாதுக்கு இருந்தது சினைப்பையில் தோன்றிய பெரிய நீர்க்கட்டிதான் என்பதை அவர் இந்த ஒலியால் கண்டார். கட்டி அகற்றப்பட்டது, அம்மாது பிழைத்தாள்.

எக்ஸ்ரேயிலும் சி.டி.யிலும் படம் ஒருமுறை எடுக்கப்பட்டுவிட்டால் அதை எங்கோ இருக்கும் நிபுணர் பிறகு சாவகாசமாகப் பார்த்துக்கொள்ளலாம். ஸ்கேனிலோ, கை எதைத் தேடிச் செல்லுகிறதோ அதுவே திரையில் வரும். கை தேடாதது வரவே வராது. பித்தப்பையை எடுத்துக்கொள்வோம். கல் இருந்தால் அது பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். ஒலி அதைத் தாண்டிச் செல்லாததால் அதன் பின்னால் கரிய நிழல் ஒன்று நீண்டு விழும். பித்தப்பைச் சுவரில் முளைத்த சிறு சதையும் வெள்ளையாகவே தெரியக்கூடும். ஆனால் அதற்குப் பொதுவாக நிழல் கிடையாது. ஐயம் தீர நோயாளியை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொன்னால், கல் உருண்டு தாழ்ந்த இடத்துக்குப் போகும். சதை நின்ற இடத்திலேயே நிற்கும். "அசைகிறதா?" என்று ஆசிரியர் கேட்கும் அக்கணத்தில் மாணவர் கற்றுக்கொள்வதைப் புத்தகத்தின் எந்தப் பக்கமும் கற்பித்துவிடாது. சிசுவின் தலையை அளப்பதும் அவ்வாறே. மூளையின் நடுவிலுள்ள குறிப்பிட்ட சில உறுப்புகள் ஒரே தளத்தில் தெரியும்படி புரோபை நிறுத்தி, தலையின் இரு பாதிகளும் ஒத்திருக்கும் வெட்டில்தான் அளக்க வேண்டும்; மணிக்கட்டு சற்றே சாய்ந்தாலும் அளவு பிசகும், பிரசவ தேதி பிசகும், வளர்ச்சி குன்றிய குழந்தை சரியாக வளர்வதாகவே அறிக்கை எழுதப்பட்டுவிடும். பட்டுச் சேலையில் கரையையும் உடலையும் இணைக்கும் கோர்வையைக் கற்கும் பிள்ளையை நெடுநாள் பக்கத்தில் உட்கார வைத்துப் பார்க்கவிட்ட பிறகே நாடாவைக் கையில் கொடுப்பது நம் ஊர் வழக்கம். ஸ்கேன் அறையின் அப்பியாசமும் அந்த முறையைத்தான் வேண்டி நிற்கிறது.

இனி, சட்டத்துக்கு வருவோம். வயிற்றில் இருப்பது பெண் என்று அறிந்து கருவை அழிக்கும் கொடுமை இக்கருவியின் துணையால் பரவியபோது, பாராளுமன்றம் 1994-ல் ஒரு சட்டம் இயற்றிற்று. 1996 ஜனவரி முதல் தேதி அது அமலுக்கு வந்து, 2003-ல் மேலும் கடுமையாக்கப்பட்டது. ஆறு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தைகள் ஆயிரத்துக்குப் பெண் குழந்தைகள் 1991-ல் 945 ஆக இருந்த தேசத்தில், 2001 கணக்கெடுப்பு 927 என்று காட்டியது என்றால், அக்கடுமை அநியாயம் என்று யார் சொல்ல முடியும்? சிசு ஆணா பெண்ணா என்பதைச் சொல்லாலோ சைகையாலோ தெரிவித்தால் முதல் குற்றத்துக்கே மூன்றாண்டு வரை சிறையும் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் எஃப் படிவம் நிரப்ப வேண்டும். ஒவ்வொரு கருவியும் பதிவு பெற்றிருக்க வேண்டும். காணும் திறமையோடு, கண்டதில் ஒன்றை வாய்திறவாமல் வைத்திருக்கும் கட்டுப்பாட்டையும் இக்கல்வி சேர்த்தே கற்பிக்கிறது. எனக்கு இதுவே இத்துறையின் மிக உயர்ந்த அம்சமாகத் தோன்றுகிறது.

ஸ்கேன் செய்யத் தகுதி பெற விரும்புகிறவர் எம்.பி.பி.எஸ். முடித்து, மூன்றாண்டு எம்.டி. போன்ற கதிரியக்க மேற்படிப்பை முடிக்க வேண்டும். சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1934-ல் திறக்கப்பட்ட பர்னார்டு கதிரியக்க நிலையம் இத்துறையில் நம் மாநிலத்துக்குத் தாய்வீடு போன்றது. இல்லையேல், 2014-ல் வெளியான விதிகளின்படி எம்.பி.பி.எஸ். டாக்டர் ஆறு மாதத்தில் 300 மணி நேரப் பயிற்சி பெற்று, தாம் பார்த்தவற்றை லாக் புக்கில் குறித்து, தேர்வெழுதித் தேற வேண்டும். இவ்விதிகளை டில்லி உயர் நீதிமன்றம் 2016-ல் ரத்து செய்ய, அத்தீர்ப்புக்கு 2018-ல் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது.

அப்படியானால் பிள்ளையார்பாளையத்துப் பிள்ளைக்கு வழியே இல்லையா? உண்டு. இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்துத் தேறியவர் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளில் பி.எஸ்ஸி. ரேடியாலஜி அண்ட் இமேஜிங் டெக்னாலஜி படிக்கலாம். படிப்பு மூன்றாண்டு, அதன் பின் ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சி. எக்ஸ்ரே, சி.டி., எம்.ஆர்.ஐ. ஆகிய கருவிகளை இயக்கும் கௌரவமான உத்தியோகம் அது. அண்ணா பிறந்த ஊரில் அவர் பெயரால் காரப்பேட்டையில் விளங்கும் புற்றுநோய் மருத்துவமனை போன்ற இடங்களில் அத்தகையோரின்றி ஒரு நாளும் வேலை நடவாது. ஸ்கேன் அறையில் அவர்கள் டாக்டருக்கு உதவியாக இருப்பார்கள். கார்டியாக் டெக்னாலஜி படித்தவர்கள் இருதய நிபுணரின் மேற்பார்வையில், இருதயத்தை இதே ஒலியால் பார்க்கும் எக்கோ எடுக்கப் பழகுகிறார்கள். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் டாக்டரல்லாத சோனோகிராபர்களே பெரும்பாலான ஸ்கேன்களைச் செய்கிறார்கள். அமெரிக்காவில் அவர்களைத் தேர்வு வைத்துப் பதிவு செய்யும் சங்கம் 1975-ல் தோன்றியது. அங்கே செல்ல எண்ணுகிறவர் அந்தந்த நாட்டுத் தகுதியைத் தனியே பெற்றாக வேண்டும்.

கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் பணிபுரியும் இளம் டாக்டர்களுக்கு அரசாங்கம் மேலே சொன்ன ஆறு மாதப் பயிற்சியைத் தாராளமாக அளித்தால், ஒரு ஸ்கேனுக்காக உத்திரமேரூர்ப் பக்கத்திலிருந்து ஒரு கர்ப்பிணி காஞ்சிபுரத்துக்குப் பஸ் ஏற வேண்டியிராது என்பது என் திடமான அபிப்பிராயம்.

கல்லூரியில் பணம் கட்டுமுன் பெற்றோர் நான்கு விஷயங்களை நேரில் விசாரிக்க வேண்டும்: படிப்பு எந்தப் பல்கலைக்கழகத்தின் அங்கீகாரம் பெற்றது, பயிற்சிக்குரிய மருத்துவமனை எது, அங்கே சி.டி.யும் எம்.ஆர்.ஐ.யும் தினமும் ஓடுகின்றனவா, முந்தைய ஆண்டு முடித்த மாணவர்கள் இப்பொழுது எங்கே வேலை செய்கிறார்கள். "ஆறே மாதத்தில் ஸ்கேன் டெக்னீஷியன், கர்ப்பிணிகளுக்கு நீங்களே ஸ்கேன் பார்க்கலாம்" என்று யாராவது சொன்னால், மேற்கொண்டு ஒரு கேள்வியும் கேட்காமல் எழுந்து வந்துவிடலாம்.