சீனா வளர்ந்துச்சு, சீனப் பங்குகள் வளர்ந்துச்சா?

கந்தர்வக்கோட்டையிலிருந்து ஒரு தம்பி: "சார், சீனா சூப்பரா வளருது. தங்கச்சி கல்யாணத்துக்கு ரெண்டு வருஷம் இருக்கு, சீனா ஃபண்டுல எஸ்ஐபி போடலாமா?"

கணக்கைப் பாருங்க. 2007-ல் சீனாவின் ஜிடிபி சுமார் 3.5 லட்சம் கோடி டாலர். 2024-ல் 18 லட்சம் கோடிக்கும் மேல். அஞ்சு மடங்கு! ஆனா 2007 அக்டோபரில் 6,124 வரை போன ஷாங்காய் குறியீடு, 2024 முடிவில் சுமார் 3,350. (டிவிடெண்ட் தனி.)

ஏன்? 2007-லயே ஆளாளுக்குப் போட்டி போட்டு விலையை ஏத்திட்டாங்க. அப்புறம் கம்பெனிகள் புதுப் பங்குகளை வெளியிட்டுக்கிட்டே இருந்தாங்க, லாபம் பலருக்குப் பிரிஞ்சுது. வளர்ச்சியில் கணிசமான பங்கு கடன் வாங்கிக் கட்டின அடுக்குமாடிகள். எவர்கிராண்டேயைக் கலைக்கச் சொல்லி ஹாங்காங் நீதிமன்றம் 2024 ஜனவரியில் உத்தரவே போட்டுச்சு.

கல்யாணப் பணம் ஆர்டியில் இருக்கட்டும், தம்பி.