படங்களின் முகவரியும் தேடல் வரிசையும்

ஓர் இணையத்தளத்தின் பக்கங்கள் ஒரு டொமைனிலும், அவற்றில் தோன்றும் படங்கள் வேறொரு டொமைனிலும் இருந்தால் கூகுள் தேடலில் அத்தளம் பின்தள்ளப்படுமா என்ற ஐயம் தளம் நடத்துவோரிடம் நெடுநாளாக உண்டு. சிங்கப்பூர் 2019இல் புதிய தரவு மையங்களுக்கான அனுமதியை நிறுத்திவைத்தபின் கூலாய், செடெனாக், இஸ்கந்தர் புத்திரி வட்டாரங்களில் அத்தகைய மையங்கள் பெருகிவரும் ஜொகூரில், படங்களை எங்கே வைப்பது என்ற கேள்வி இன்று உள்ளூர்க் கேள்வியாகவும் ஆகியிருக்கிறது.

படங்களைப் பிரித்து வைக்கும் வழக்கம் வேகத்துக்காகவே தோன்றியது. பழைய எச்.டி.டி.பி. 1.1 நெறிமுறையில் உலாவிகள் ஒரு டொமைனுடன் ஒரே நேரத்தில் பெரும்பாலும் ஆறு இணைப்புகளையே திறந்ததால், படங்களுக்கு வேறு பெயர் கொடுத்தால் கூடுதலாக ஆறு கிடைத்தன. 2015இல் வெளிவந்த எச்.டி.டி.பி. 2 ஒரே இணைப்பில் பல கோப்புகளை அனுப்ப வகைசெய்ததால் அந்த ஆதாயம் மறைந்தது. புதிய டொமைனைத் தேடிப்பிடித்து, இணைப்பையும் மறையாக்கத்தையும் தொடங்குவதற்கான தாமதம் மட்டும் மிஞ்சியது.

தரவரிசையைப் பொறுத்தவரை, படம் எந்த டொமைனில் உள்ளது என்பதைவிட எந்தப் பக்கத்தில் இடம்பெறுகிறது என்பதே முதன்மையானது. ஏறத்தாழ 3 இலட்சம் கண்ணாடித் துண்டுகள் பதித்த ஜொகூர் பாரு ராஜகாளியம்மன் கோயிலைப் பற்றிய பக்கத்தில் உள்ள படம் வெளி டொமைனிலிருந்து வந்தாலும், படத் தேடலில் அதைச் சொடுக்குபவர் சென்றடைவது கோயில் பக்கத்தையே. அப்படம் எதைக் காட்டுகிறது என்பதைக் கூகுள் சுற்றியுள்ள எழுத்து, தலைப்பு, கோப்பின் பெயர், பார்வையற்றோருக்கான திரைவாசிப்பான் படித்துக்காட்டும் மாற்றுரை ஆகியவற்றின் துணையோடு உணர்கிறது. கேமரா இட்ட எண்ணையே கோப்பின் பெயராக விட்டுவிட்டு டொமைனைப் பற்றிக் கவலைப்படுவது வீண்வேலை.

உண்மையான இடர் முகவரி மாறுவதில்தான் உள்ளது. படங்கள் அரிதாகவே மாறுவதால் தேடுபொறி அவற்றை மீண்டும் பார்வையிடத் தாமதிக்கிறது; பழைய முகவரியிலிருந்து நிரந்தரத் திசைமாற்றம் தராமல் இடம் மாற்றினால் படத் தேடலில் அவை சிலகாலம் காணாமற் போகலாம். ஆகவே படங்களுக்கு இடம் வாடகைக்குத் தரும் நிறுவனத்தின் டொமைனைவிடத் தன் டொமைனின் கீழ் ஒரு துணைப்பெயரை உருவாக்கி, அதை அந்நிறுவனத்தின் சேவையகத்துக்குச் சுட்டிவிடுவதே அறிவுடைமை: நிறுவனம் மாறினாலும் முகவரி நிற்கும். தேடல் நிரல்கள் எவற்றைப் பார்க்கலாம் எனச் சொல்லும் ரோபாட்ஸ் கோப்பு அத்துணைப்பெயரில் கூகுளின் தேடல் நிரலைத் தடுக்காமலிருப்பதையும் உறுதிசெய்ய வேண்டும், ஏனெனில் அக்கோப்பு ஒவ்வொரு பெயருக்கும் தனித்தனியானது.

இனி, சேவையகம் அண்மையில் இருப்பதன் பயன். ஒளி கண்ணாடி இழையில் நொடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீட்டர் செல்வதால், ஜொகூரிலிருந்து சுமார் 14,000 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கலிபோர்னியாவுக்குச் சென்று திரும்பக் குறைந்தது 0.14 நொடி ஆகும். இணைப்பு, மறையாக்கம், கோரிக்கை என மூன்று சுற்று நிகழ்ந்தால் படத்தின் முதல் பைட் வருமுன் 0.4 நொடி கழிந்துவிடும். பக்கத்தின் மிகப் பெரிய உறுப்பு 2.5 நொடிக்குள் தோன்றுவது நல்லது எனக் கருதும் கூகுள், 2021 முதல் அத்தகைய அளவீடுகளைத் தரவரிசையிலும் சேர்த்துள்ளதால் இத்தாமதம் பொருட்படுத்தத்தக்கதே. ஆனால் ஜொகூர் வாசகருக்கு, பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூரிலுள்ள சேவையகமும் கூலாயிலுள்ளதும் ஏறத்தாழ ஒன்றே. கைப்பேசியில் எடுத்த 4 மெகாபைட் படத்தைச் சுருக்காமல் ஏற்றினால் இரண்டும் உதவா.