பிசினுக்குள் பால்மரம்

மலேசியாவின் மலையூரான தானா ராத்தாவில் பால்மரம் கிடையாது. கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,440 மீட்டர் உயரத்தில், அந்தக் குளிருக்குத் தேயிலைதான். தமிழர்கள் தலைமுறை தலைமுறையாகச் சீவிய ரப்பர் மரத்தைப் பார்க்க மலையிறங்க வேண்டும். ஆனால் உடைந்த கோப்பையின் பிடியை ஒட்ட, இரண்டு டியூபிலிருந்து பிதுக்கிக் குழைக்கும் எப்பாக்சி பசை மேட்டிலும் உண்டு, பள்ளத்திலும் உண்டு. அந்தப் பசையின் பெரிய குறையைத் தீர்ப்பது ரப்பர்.

குழைத்ததும் எப்பாக்சியின் மூலக்கூறுகள் எல்லாப் பக்கமும் முடிச்சு விழுந்த வலையாகிவிடுகின்றன. பிறகு சூடாக்கினாலும் உருகாது. 1907இல் வேதியியலாளர் பேக்லாந்து உருவாக்கிய பேக்லைட் பிளாஸ்டிக்கும் இதே இனம். முடிச்சுகள் நெருங்க நெருங்கப் பிசின் விறைக்கும், நெளிந்துகொடுக்க இடமிருக்காது. மயிரிழை விரிசல் விழுந்தால் மறுகோடிவரை ஓடிவிடும்.

1960களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் மெக்காரி என்ற ஆய்வாளரும் சகாக்களும் பிசினில் செயற்கையான திரவ ரப்பரைக் கரைத்தார்கள். பிசின் இறுக இறுக, ரப்பர் அதில் கரைந்திருக்க முடியாமல் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு அளவுள்ள துளிகளாகப் பிரிந்தது. நூறு பங்கு பிசினுக்குப் பத்துப் பங்கு ரப்பரே போதும், உடைக்கத் தேவைப்படும் ஆற்றல் பல மடங்கு கூடும்.

எப்படி? விரிசலின் முனை நெருங்கும்போது துளிகள் உள்ளுக்குள் கிழிந்து பொந்தாகின்றன. இறுக்கம் தளர்ந்ததும் சுற்றியுள்ள பிசின் உடையாமல் நெளிகிறது. விரிசலை ஓட்டவேண்டிய ஆற்றல் அந்த நெளிவில் செலவாகிவிடுகிறது.

இதற்கு விலையும் உண்டு: ரப்பர் கலந்தால் விறைப்பும் வெப்பம் தாங்கும் திறனும் குறையும். அதனால் விமானங்களின் கார்பன் இழைத் தகடுகளுக்கு ரப்பருக்குப் பதில் பாலிஈதர்சல்ஃபோன் போன்ற, சூட்டில் இளகும் உறுதியான பிளாஸ்டிக்கைச் சேர்க்கிறார்கள். சில வகைகளில் அடுக்குகளுக்கு இடையே நைலான் துகள்களைத் தூவுகிறார்கள். கை தவறி விழும் ஸ்பேனர்கூட வெளியே தெரியாமல் அடுக்குகளைப் பிரித்துவிடும் என்பதே காரணம்.

பால்மரத்து ரப்பரை அப்படியே கலந்தால் எப்பாக்சியோடு சேராது. மரத்தின் பாலிலேயே ஹைட்ரஜன் பெராக்சைடும் ஃபார்மிக் அமிலமும் சேர்த்தால், அதன் சங்கிலியில் ஆக்சிஜன் ஏறி, எப்பாக்சியில் உள்ள அதே முக்கோண வளையங்கள் உருவாகின்றன. மலேசிய ரப்பர் வாரியம் இதை ‘எக்கோப்ரெனா’ என்ற பெயரில் தருகிறது. 25, 50 என்ற தர எண்கள் நூறு கண்ணிகளில் எத்தனையில் ஆக்சிஜன் ஏறியது என்பதைச் சொல்லும். இந்த ரப்பரின் நீண்ட சங்கிலிகளை நறுக்கித் திரவமாக்கி, மலேசிய ஆய்வாளர்கள் எப்பாக்சியில் கலந்து சோதித்திருக்கிறார்கள்.