கூட்டணுமா, கழிக்கணுமா?

"அம்மா, இது கூட்டலா, கழித்தலா? அதை மட்டும் சொல்லிடு, மீதியை நானே போட்டுக்கறேன்!"

ஆறாவது, ஏழாவது படிக்கிற பிள்ளைகள் இருக்கிற வீட்டில் சாயங்கால வேளையில் இந்தக் குரல் கேட்காமல் இருக்காது. அடுப்பில் குழம்பு கொதிக்கிற அவசரத்தில் நாமும் "கழித்தல்டீ!" என்று சொல்லிவிடுகிறோம். விடை வந்துவிடும், நோட்டையும் மூடியாகிவிடும். ஆனால் பரீட்சை ஹாலில் நாம் பக்கத்தில் இருக்க மாட்டோமே!

என் பெண் விஷயத்தில் இதுதான் நடந்தது. பெருக்கல், வகுத்தல், பின்னம் எல்லாம் மளமளவென்று போடுவாள். அதையே நாலு வரி வாக்கியமாக, வழிக்கணக்காகக் கொடுத்துவிட்டால் முகம் வெளுத்துவிடும். ஏழாம் வகுப்பு அரையாண்டில் வழிக்கணக்கு அத்தனையும் தப்பு. 'கவனக்குறைவு' என்று ரிப்போர்ட்டில் எழுதி அனுப்பியிருந்தார்கள். எனக்கு அதைவிடச் சுருக்கென்று தைத்தது அவள் சொன்னதுதான்: "எனக்குக் கணக்கு வராதும்மா. பெரிய கிளாஸ் போனா கணக்கே இல்லாத குரூப்பா எடுத்துக்கறேன்." பன்னிரண்டு வயதில் இப்படி ஒரு தீர்மானம்!

அன்றைக்குத்தான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கணக்குப் போடுவதைப் பார்த்தேன். கவனக்குறைவு ஒன்றும் இல்லை. வாக்கியத்தை அவள் படிக்கவே இல்லை! கண் எண்களை மட்டும் பொறுக்கி எடுத்தது. 'அதிகம்' என்று பார்த்தால் கூட்டல், 'மீதி' என்று பார்த்தால் கழித்தல். அவ்வளவுதான் அவள் வழி.

நம் வீட்டுப் பிள்ளைகள் மட்டும்தான் இப்படி என்று நினைக்காதீர்கள். 1980 வாக்கில் பிரான்சில் கிரெனோபிள் நகரத்துக் கணித ஆசிரியர்கள் சின்னப் பிள்ளைகளிடம் ஒரு விளையாட்டுக் கேள்வி கேட்டார்கள். 'கப்பலில் 26 செம்மறி ஆடுகளும் 10 வெள்ளாடுகளும் இருக்கின்றன. கப்பல் தலைவனின் வயது என்ன?' 97 பேரில் 76 பேர் அந்த எண்களைக் கொண்டே ஒரு வயதைக் கண்டுபிடித்துவிட்டார்கள்! ஆட்டுக்கும் வயசுக்கும் என்ன சம்பந்தம் என்று அவர்கள் யோசிக்கவில்லை.

சரி, நாம் என்ன செய்யலாம்? நான் செய்து பார்த்ததைச் சொல்கிறேன்.

முதலில் பென்சிலை வாங்கி வைத்துவிடுங்கள். கணக்கை வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, எண்களே இல்லாமல் அதைக் கதையாகச் சொல்லச் சொல்லுங்கள். உதாரணமாக இந்தக் கணக்கு:

'ஒரு வியாபாரி 120 எலுமிச்சம்பழங்களை ரூ. 360-க்கு வாங்கினார். அவற்றுள் 12 அழுகிவிட்டன. எஞ்சியவற்றை ஒன்று ரூ. 4 வீதம் விற்றார் எனில், அவருக்குக் கிடைத்த லாபம் எவ்வளவு?'

"ஒருத்தர் எலுமிச்சம்பழம் வாங்கினார். கொஞ்சம் அழுகிப் போச்சு. நல்லதை மட்டும் வித்தார். எவ்வளவு லாபம்னு கேக்கறாங்க." இப்படிச் சொல்ல வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாச்சு.

இந்த இடத்தில்தான் நான் எதிர்பாராத ஒன்று தெரிந்தது. கணக்குப் புத்தகத்துத் தமிழ் வேறு, வீட்டுத் தமிழ் வேறு! 'எஞ்சிய', 'அவற்றுள்', 'வீதம்', 'எனில்' எல்லாம் நாம் வீட்டில் பேசுகிற வார்த்தைகளா? 'ராமு, சோமு முறையே 30, 45 ரூபாய் வைத்திருந்தனர்' என்பதில் 'முறையே' என்றால் என்னடி என்று கேட்டேன். "ஒழுங்கா, பத்திரமா வெச்சிருந்தாங்கம்மா" என்றாள்! சிரிப்பு வந்தாலும் வயிற்றைப் பிசைந்தது. தப்பு கணக்கில் இல்லை, மொழியில். அன்று முதல் நோட்டின் கடைசிப் பக்கத்தில் இந்த வார்த்தைகளை எழுதி, பக்கத்திலேயே வீட்டுப் பேச்சில் அர்த்தமும் எழுதினோம். இருபது வார்த்தைகூடத் தேறவில்லை, ஆனால் அந்த ஒரு பக்கம் செய்த உபகாரம் கொஞ்சமல்ல. இங்கிலீஷ் மீடியம் பிள்ளைகளுக்கு இது இன்னும் அவசியம். முதலில் தமிழில் கதை சொல்லட்டும், கணக்கை அப்புறம் இங்கிலீஷில் எழுதட்டும்.

கதை புரிந்த பிறகு, விடைக்கான வாக்கியத்தை இடம் விட்டு முன்னாலேயே எழுதச் சொல்லுங்கள். 'வியாபாரிக்குக் கிடைத்த லாபம் ரூ. ____.' எங்கே போய்ச் சேரவேண்டும் என்று தெரிந்துவிட்டால், லாபம் வேண்டுமானால் விற்ற பணம் வேண்டும், அதற்கு விற்ற பழம் எத்தனை என்று தெரியவேண்டும் என்று பின்னாலிருந்து தானே வழி தெரியும். 120-லிருந்து 12 போனால் 108. நாலு ரூபாய் வீதம் 432. அதில் 360 போக லாபம் 72. ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் 'விற்ற பழங்கள்', 'விற்ற விலை' என்று எழுதியே ஆகவேண்டும். வெறும் எண்ணாக எழுதினால் நான் ஒத்துக்கொள்வதில்லை!

'அதிகம்', 'குறைவு' என்று வரும் கணக்குகளுக்குப் படம்தான் மருந்து. 'கமலாவிடம் 45 ரூபாய் இருக்கிறது. இது வசந்தியிடம் இருப்பதைவிட 15 ரூபாய் அதிகம். வசந்தியிடம் எவ்வளவு?' பத்துப் பிள்ளைகளைக் கேட்டால் சில பேராவது 60 என்பார்கள். இரண்டு நீளப் பட்டைகள் வரையச் சொல்லுங்கள். கமலாவின் பட்டை நீளம், வசந்தியுடையது குட்டை. குட்டைப் பட்டைக்கு 60 எப்படி வரும்? தானே சிரித்துக்கொண்டு 30 என்று திருத்துவார்கள். சிங்கப்பூர்ப் பள்ளிகளில் 1980-களிலிருந்து இப்படிப் பட்டை வரைந்துதான் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

விடை வந்ததும் எழுந்து ஓடுகிற பிள்ளையைப் பிடித்து உட்கார வைப்பதுதான் கஷ்டம். ஜார்ஜ் போல்யா என்ற ஹங்கேரியக் கணித மேதை, கணக்குப் போடும் வழியைப் பற்றி 1945-ல் எழுதிய புத்தகத்தில் நாலு கட்டங்களைச் சொன்னார்: புரிந்துகொள், திட்டமிடு, செய், திரும்பிப் பார். அந்தக் கடைசிக் கட்டத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறோம். 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் 13 வயதுப் பிள்ளைகளுக்குக் கொடுத்த ஒரு கணக்கு: ஒரு பஸ்ஸில் 36 பேர் போகலாம், 1128 சிப்பாய்களுக்கு எத்தனை பஸ் வேண்டும்? வகுத்தலைச் சரியாகப் போட்டுவிட்டு, '31 பஸ், மீதி 12' என்று பத்தில் மூன்று பேர் எழுதிவைத்தார்கள். அந்தப் பன்னிரண்டு சிப்பாய்களும் நடந்தா போவார்கள்?

எலுமிச்சம்பழத்துக்கும் திரும்பிப் பார்த்தோம். ஒரு பழம் வாங்கினது மூணு ரூபாய், வித்தது நாலு. ஒன்றுகூட அழுகாமல் இருந்தால் லாபம் 120. அழுகின 12 பழத்தால் 48 ரூபாய் போச்சு. மீதி 72. வேறு வழியில் போயும் அதே விடை வந்ததும் அவள் முகத்தைப் பார்க்கணுமே!

இதில் நமக்குத்தான் பொறுமை வேண்டும். "கூட்டலா, கழித்தலா?" என்று கேட்கும்போது வாயை மூடிக்கொண்டு, "கதையைச் சொல்லு" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காத்திருக்கவேண்டும். முதல் இரண்டு வாரம் அழுகைகூட வரும். ஒரு நாளைக்கு ஒரே ஒரு கணக்குப் போதும். பத்துக் கணக்கை அரைகுறையாகப் போடுவதைவிட இதுவே மேல். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பிள்ளையே ஒரு கணக்கு எழுதி நமக்குக் கொடுக்கட்டும்.

போன ஞாயிறு என் பெண் எனக்குக் கொடுத்தது இது: 'அம்மா கிலோ 40 ரூபாய் வீதம் 2 கிலோ கத்தரிக்காய் வாங்கினாள். வீட்டில் வந்து நறுக்கினால் அதில் கால் கிலோ சொத்தை. அப்பா எத்தனை நிமிஷம் திட்டினார்?'

"இதுக்கு விடை கிடையாதேடி!" என்றேன்.

"கண்டுபிடிச்சுட்டியே!" என்றாள்.